தக்கை அசையவே இல்லையா? கிராப்பித் தூண்டிலில் வரும் கோளாறுகள்

கிழக்கு டெக்சாஸ் ஏரிகளில் கிராப்பி பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் இரண்டு வருஷம் நானும் அப்படித்தான் திரும்பினேன். ஒவ்வொரு தடவையும் இரையின் மேல் பழியைப் போட்டு, அடுத்த வாரம் புது நிறத்தில் ஒரு பாக்கெட் ஜிக் (ஈயத் தலை வைத்த முள்ளில் கட்டிய போலி இரை) வாங்குவேன். பெட்டி நிறைந்ததே தவிர ஐஸ் பெட்டி நிறையவில்லை. கோளாறு நிறத்தில் இல்லை, ஆழத்தில் இருந்தது. கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு விடை அதுதான். ஆனால் அந்த ஆழம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, அதனால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மீனைப் பார்த்திராதவர்களுக்கு: நம்மூர் ஜிலேபிக் கெண்டை போலத் தட்டையான உடம்பு, ஆனால் வாய் பெரியது, வெள்ளி மினுக்கல் அதிகம். இரண்டு இனம் உண்டு. வெள்ளைக் கிராப்பிக்கு மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள். கறுப்புக் கிராப்பிக்கு மையைத் தெளித்தது போன்ற புள்ளிகள். குழப்பமாக இருந்தால் முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள். ஐந்து, ஆறு என்றால் வெள்ளை. ஏழு, எட்டு என்றால் கறுப்பு. கலங்கல் தண்ணீரை வெள்ளை பொறுத்துக்கொள்ளும், கறுப்புக்குத் தெளிந்த நீர் வேண்டும்.

“நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு கொத்துகூட இல்லை”

இரையை மாற்றாதீர்கள். முதலில் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவில் எத்தனை அடி நரம்பு இருக்கிறது என்று பாருங்கள்.

கிராப்பியின் கண் தலையின் மேல்பக்கமாக இருக்கிறது. அது மேல்நோக்கிப் பார்த்து இரை எடுக்கிற மீன். தலைக்கு மேல் ஓரடி, இரண்டடி உயரத்தில் இரை தொங்கினால் எழும்பி வந்து எடுக்கும். வயிற்றுக்குக் கீழே தொங்கினால் திரும்பிக்கூடப் பார்க்காது. பன்னிரண்டு அடியில் மீன் நிற்கிறதா? பத்தில் போட்டால் வாய்ப்பு உண்டு, பதின்மூன்றில் போட்டால் இல்லை. கெளுத்திக்குப் போடுகிற மாதிரி இரையைத் தரையில் கிடத்திவிட்டுக் காத்திருப்பவர்கள் மாலை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, எத்தனை அடி? அதைத் தண்ணீரின் சூடு சொல்லும். ஒரு சாதாரண வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினால் போதும். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே (10 செல்சியஸ்) என்றால் மீன் ஆழத்தில், பழைய ஓடைத் தடத்தை ஒட்டிக் கூட்டமாக நிற்கும். 50-ஐத் தாண்டியதும் ஓடை வாய்ப் பக்கம் நகர ஆரம்பிக்கும், எட்டிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் தேடலாம். 60 முதல் 68 வரை (16 முதல் 20 செல்சியஸ்) முட்டையிடும் காலம். அப்போது கரையிலிருந்தே, முழங்கால் ஆழத்திலிருந்து ஆளுயரத்துக்குள், கோரை ஓரத்திலும் முங்கிய மரத்தடியிலும் கிடைக்கும். டெக்சாஸின் வடகிழக்கில் இது ஏறக்குறைய மார்ச், ஏப்ரல். வடக்கே போகப் போக மே, ஜூன் என்று தள்ளிப்போகும். அதனால் நாட்காட்டியைப் பார்த்துப் போகாதீர்கள், தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள்.

ஆழம் தெரியாத ஏரியில் ஜிக்கை வீசி எண்ணுங்கள். 1/16 அவுன்ஸ் ஜிக், மெல்லிய நரம்பில், ஏறக்குறைய நொடிக்கு ஓரடி இறங்கும். நாலு எண்ணி மெதுவாக இழுங்கள். அடுத்த வீச்சில் ஆறு, அப்புறம் எட்டு. கொத்திய எண்ணை மறக்காதீர்கள், அடுத்த மீனும் அதே எண்ணில்தான் இருக்கும்.

“ஏப்ரலில் அள்ளினேன், ஜூலையில் அதே இடத்தில் ஒன்றும் இல்லை”

இதுதான் அதிகம் பேர் விட்டுக்கொடுக்கிற இடம். “கோடையில் கிராப்பி கடிக்காது” என்று முடிவு கட்டிவிட்டுக் கம்பைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

ஜூலையில் மேல்தண்ணீர் 85, 90 டிகிரிக்கு ஏறிவிடும். ஏரி அப்போது இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கிறது. மேலே சூடான, காற்று கலந்த தண்ணீர். அடியில் குளிர்ந்த, பிராணவாயு இல்லாத தண்ணீர். நடுவில் சில அடிகளுக்குள் சூடு சட்டென்று குறைகிற ஒரு படலம். நீங்கள் குதித்து நீந்தினால் காலில் திடீரென்று ஜில்லென்று படுமே, அந்த மாதிரி. மீனுக்குக் குளிர்ச்சியும் வேண்டும், மூச்சும் வேண்டும். அதனால் அந்தப் படலத்துக்குச் சற்று மேலே, அந்தரத்தில் நிற்கும். கீழே மூச்சு இல்லை, மேலே வெந்நீர்.

சோனார் (ஒலியலையால் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) வைத்திருந்தால் அதன் உணர்திறனைக் கூட்டுங்கள். திரையின் குறுக்கே மெல்லிய புகை போல ஒரு கோடு தெரியும். அது பதினெட்டு அடியில் என்றால் உங்கள் இரைக்குப் பதினெட்டுக்குக் கீழே வேலை இல்லை. முப்பது அடி ஆழமுள்ள இடமாக இருந்தாலும், பதினான்கிலிருந்து பதினேழுக்குள் உச்சி நீண்டிருக்கிற முங்கிய மரமோ பாலத் தூணோ தேடுங்கள். சோனார் இல்லாதவர்கள் பாலத்துக்குப் போவது நல்லது. தூண் மேலிருந்து அடி வரை இருப்பதால் மீன் தனக்குப் பிடித்த உயரத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். நீங்கள் இரையை ஓரோர் அடியாக இறக்கிப் பார்த்தால் போதும்.

இன்னொரு வழி ராத்திரி. படகுத்துறையிலோ பாலத்தடியிலோ ஒரு பச்சை விளக்கைத் தண்ணீரில் இறக்குங்கள். வெளிச்சத்துக்கு நுண்ணுயிர்கள் வரும், அதைத் தின்ன ஷாட் என்கிற சின்ன இரை மீனின் குஞ்சுகள் வந்து வட்டமடிக்கும், அவற்றைத் தேடிக் கிராப்பி வரும். இதற்கு நேரம் பிடிக்கும். முதல் ஒரு மணி நேரம் கொசுதான் கடிக்கும். அதற்குள் மூட்டை கட்டிவிட்டு “விளக்கு வேலை செய்யவில்லை” என்று சொல்லக் கூடாது. இரையை விளக்கின் நடுவில் போடாமல், வெளிச்சம் இருட்டோடு சேர்கிற விளிம்பில் போடுங்கள்.

“இரை காணாமல் போகிறது, ஆனால் தக்கை முங்கவே இல்லை”

மாமனார் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்திருந்தபோது டவாக்கோனி ஏரியிலுள்ள மாநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் மீன் பிடிக்க உரிமம் வேண்டாம், விருந்தாளிகளோடு போக வசதி. நான் தக்கை முங்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து நின்ற தக்கை மெல்லச் சாய்ந்து தண்ணீர்மேல் படுத்துக்கொண்டது. அலை என்று நினைத்துவிட்டேன். “மாப்ளே, தக்கை படுத்துக்கிச்சு பாருங்க, இழுங்க!” என்றார். இழுத்தேன், பதினோரு அங்குலத்தில் ஒன்று வந்தது. வாய்க்காலில் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டிக் கெண்டை பிடித்து வளர்ந்தவர். கிராப்பியை அன்றுதான் முதலில் பார்த்தார்.

நடந்தது இதுதான். மீன் கீழிருந்து எழும்பி இரையை வாயில் வாங்கி, அதே உயரத்தில் நிற்கிறது அல்லது இன்னும் மேலே போகிறது. முள்ளையும் ஈயத்தையும் அது தூக்கிப் பிடித்திருப்பதால் தக்கைக்குக் கீழே பாரம் இல்லை, படுத்துவிடுகிறது. முங்கினால் மட்டும் இழுப்பேன் என்று இருந்தால் கிராப்பியில் நிறைய இழப்பீர்கள். படுத்தாலும் இழுக்க வேண்டும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் இழுக்க வேண்டும்.

போட்ட உடனேயே தக்கை படுத்திருந்தால் அது கடி அல்ல. ஈயம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஆழத்தைக் குறையுங்கள். ஆழம் சரியாக இருந்தும் படுத்தால் ஈயம் போதவில்லை. இன்னொரு சின்னக் குண்டைக் கடித்து மாட்டுங்கள். தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரிகிற அளவு பாரம் இருக்க வேண்டும். உருண்டையான பெரிய பிளாஸ்டிக் தக்கைகளைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள். அதை முங்கவைக்கக் கிராப்பிக்கு இஷ்டமில்லை.

“மாட்டுகிறது, தூக்கினால் பாதியில் விழுந்துவிடுகிறது”

கிராப்பிக்கு அமெரிக்கர்கள் வைத்த செல்லப்பெயர் காகித வாய். பிடித்த மீனின் வாயைத் திறந்து வெயிலில் காட்டிப் பாருங்கள். உதட்டுக்குப் பின்னால் இருக்கிற சவ்வு அப்பளப் பூ மாதிரி, வெளிச்சம் ஊடுருவும். முள் அதில்தான் ஏறுகிறது. ஓங்கி இழுத்தால் முள் ஏறிய துளை கிழிந்து அகலமாகும். மீன் ஒரு தடவை தலையை உதறினால் முள் தானே கழன்றுவிடும்.

ஊரில் விரால் பிடித்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டம். தவளை இரையை விரால் விழுங்கியதும் கம்பு வளைய ஒரு சுண்டு சுண்டுவோம் இல்லையா, அந்தக் கை இங்கே எதிரி. கிராப்பிக்கு மணிக்கட்டை மேலே திருப்பினாலே போதும். அது கடித்துத் திரும்பும்போது முள் பாதி ஏறியிருக்கும்.

சரிசெய்ய மூன்று இடம். கம்பு மெல்லியதாக, நுனி நன்றாக வளைவதாக இருக்கட்டும். விறைப்பான கம்பில் சவ்வு கிழிவது உறுதி. ரீலின் பிடியைத் தளர்த்துங்கள், கையால் நரம்பை இழுத்தால் சுலபமாக உருவி வர வேண்டும். மூன்றாவது, மீனைக் கம்பால் தூக்காதீர்கள். தண்ணீரில் இருக்கும்வரை அதன் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது. வெளியே வந்த நொடியில் முழுப் பாரமும் அந்தச் சவ்வில் தொங்குகிறது. ஒரு வலைக்கரண்டியை வாங்கிக்கொள்ளுங்கள். நான் வலை வாங்காமல் வீம்பு பிடித்த வருஷத்தில் விழுந்த மீன்கள் எல்லாம் பெரியவை, அது எப்படியோ.

இழுக்கும்போது நரம்பு ஒரு கணமும் தொய்யக் கூடாது. ரீலை நிறுத்தி நிறுத்திச் சுற்றுபவர்கள் அங்கேதான் விடுகிறார்கள்.

“இரண்டு மீன் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது”

கூட்டம் கலைந்திருக்காது, ஓரிரு அடி ஏறியோ இறங்கியோ இருக்கும். முதலில் ஆழத்தை மாற்றுங்கள், அப்புறம் ஜிக்கின் அளவைக் குறையுங்கள், நிறம் கடைசி. கலங்கல் தண்ணீரில் கறுப்பும் பளீர் மஞ்சள்பச்சையும் சேர்ந்தது, தெளிந்த தண்ணீரில் வெள்ளை அல்லது வெள்ளி. என் பெட்டியில் இப்போது இவ்வளவுதான் மிச்சம். ஜிக் தலை செங்குத்தாகத் தொங்கினாலும் கடி நிற்கும். முடிச்சு நழுவி வளையத்தின் முன்பக்கம் வந்திருக்கும், அதைப் பின்னுக்குத் தள்ளி ஜிக் குஞ்சு மீன் போலக் கிடையாக நிற்கும்படி செய்யுங்கள். ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் பார்க்க வேண்டிய விஷயம் இது.

“நேற்று நல்ல கடி, இன்று வானம் கண்ணாடி மாதிரி, மீன் இல்லை”

குளிர்க்காற்று வந்து போயிருக்கிறது. வசந்தத்தில் ஒரே இரவில் மேல்தண்ணீர் சில டிகிரி இறங்கினால், மூன்றடியில் நின்ற மீன் எட்டு, பத்தடிக்கு நகர்ந்து மரக்கிளைக்குள் புகுந்துகொள்ளும். தூரம் போகவில்லை, பக்கத்திலுள்ள முதல் சரிவுதான். அங்கே உயிருள்ள குஞ்சு மீனை இறக்கி அசைக்காமல் வையுங்கள். இரண்டு நிமிஷம் என்றால் இரண்டு நிமிஷம். மழைக்கு அப்புறம் தண்ணீர் செம்மண்ணாக வந்தால் இதற்கு நேர்மாறு. மீன் மேலே ஏறி மரத்தை ஒட்டி நிற்கும், இரையைக் கட்டைக்கு ஒரு கையகலத்தில் வைக்காவிட்டால் அதற்குத் தெரியாது.

இலையுதிர் காலத்தில் மேலடுக்கு குளிர்ந்து கனத்து, கோடையில் பிரிந்த இரண்டு தண்ணீரும் கலந்துவிடும். அந்த ஒன்றிரண்டு வாரம் மீன் எங்கும் இருக்கும், எங்கும் இருக்காது. நான் அப்போது வீட்டு வேலைகளை முடித்துவிடுவேன். அதன்பின் ஷாட் குஞ்சுகள் ஓடைகளுக்குள் திரளும், அவற்றின் பின்னால் கிராப்பியும்.

“கறுத்த ஆண் மீன்கள் மட்டும் வருகின்றன”

முட்டைக் காலத்தில் ஆண் மீனின் தலையும் மார்பும் கரிபூசியது போலாகும். கூட்டைக் காவல் காப்பது அதுதான். முட்டை போட்டதும் பெண் மீன் விலகிப்போய்விடும். கரையை விட்டு அடுத்த சரிவுக்கு, ஆறிலிருந்து பத்தடிக்கு வாருங்கள், வயிறு பருத்த பெண் மீன்கள் அங்கே முறைக்குக் காத்திருக்கும். காவல் காக்கும் ஆண்களை ஒரே கரையில் துடைத்தெடுக்காமல் நகர்வது நல்லது என்பது என் கட்சி.

“எல்லாம் உள்ளங்கை அளவு”

சின்னக் குளமாக இருந்தால் அது உங்கள் தப்பில்லை. கிராப்பி ஒரே பருவத்தில் அளவுக்கு மீறிப் பெருகி, தீனி போதாமல் வளர்ச்சி நின்றுவிடும். அதனால்தான் சிறு குளங்களில் இதை விடவே வேண்டாம் என்கிறார்கள் மீன்வளத் துறையினர். ஆனாலும் பாருங்கள், உலகச் சாதனையான கறுப்புக் கிராப்பி, 5 பவுண்டு 7 அவுன்ஸ், 2018 மே மாதம் டென்னசியில் ஒரு குளத்தில்தான் பிடிபட்டது. வெள்ளைக் கிராப்பியில் 1957-இல் மிசிசிப்பியின் ஈனிட் அணையில் கிடைத்த 5 பவுண்டு 3 அவுன்ஸ் இன்னும் அசையவில்லை.

ஏரியில் சின்னதாகவே வந்தால் இடத்தை மாற்றுங்கள். அளவொத்த மீன்கள் சேர்ந்து நிற்கின்றன, ஒரே மரத்தடியில் பொறுமை காத்தால் பெரியது வராது. டெக்சாஸ் பொது விதிப்படி பத்து அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு இனமும் சேர்த்து இருபத்தைந்து. ஏரிக்கு ஏரி விலக்கு உண்டு, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

“முள் மரத்தில் மாட்டி மாட்டி அறுந்துபோகிறது”

கிராப்பி இருக்கிற இடத்தில் கிளை இருக்கும், மாட்டத்தான் செய்யும். தங்க நிறத்தில் மெல்லிய கம்பியால் செய்த அபர்டீன் முள்ளை வாங்குங்கள், பலமாக இழுத்தால் நிமிர்ந்துகொண்டு வெளியே வந்துவிடும். கொறட்டால் மறுபடி வளைத்துவிடலாம். ஆனால் நாலு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பில் இந்த வித்தை நடக்காது, முள் நிமிர்வதற்குள் நரம்பு போய்விடும். கிளைக்குள் இறங்கும்போது எட்டு அல்லது பத்து பவுண்டு நரம்பைப் போடுங்கள். இழுப்பதற்கு முன், நரம்பைத் தளர்த்திக் கம்பு நுனியை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஈயத்தின் பாரம் தட்டித் தட்டி முள்ளைத் தானே கழற்றும்.

“வாங்கிய குஞ்சு மீன்கள் ஏரி போவதற்குள் செத்துவிடுகின்றன”

முதல் தடவை மூன்று டஜன் வாங்கி, வீட்டுக் குழாய்த் தண்ணீர் வாளியில் கொட்டினேன். பத்து நிமிஷத்தில் வயிற்றைக் காட்டிவிட்டன. குழாய்த் தண்ணீரில் குளோரின். அது போதாதென்று சூட்டு வித்தியாசம் வேறு. கடைத் தண்ணீரிலேயே கொண்டுபோங்கள், மின்கலத்தில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்றை வாளியில் போடுங்கள். வெயில் காலத்தில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியபடியே மிதக்க விடுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் அதிலும் குளோரின்தான்.

“குளிர்காலத்தில் திருப்பி விட்ட மீன் நீந்தாமல் மிதக்கிறது”

முப்பது, நாற்பது அடியிலிருந்து தூக்கினால் அழுத்தம் குறைந்து மீனின் காற்றுப்பை ஊதிவிடுகிறது. கிராப்பியால் அந்தக் காற்றைச் சட்டென்று வெளியேற்ற முடியாது. சில சமயம் கண் பிதுங்கி, வயிறு வாய் வழியாக எட்டிப் பார்க்கும். அதை விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. இதனால்தான் டெக்சாஸின் லேக் ஃபோர்க்கிலும் லேக் ஓ த பைன்ஸிலும் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை அளவுக் கட்டுப்பாடே இல்லை. பிடித்தது எதுவானாலும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும், கணக்கில் சேரும். பெரிதாகப் பொறுக்கலாம் என்று சின்னதை விட்டுக்கொண்டே இருப்பது அங்கே குற்றம். வேறு ஏரியிலும் உங்கள் எண்ணிக்கை நிறைந்ததும் ஆழத்தில் போடுவதை நிறுத்துங்கள்.

“வறுத்தால் சதை உதிர்கிறது”

சமையலில் கோளாறு இல்லை, ஏரியிலேயே தொடங்கியது. கோடையில் மீன்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால், 88 டிகிரித் தண்ணீரில் செத்து, மதியத்துக்குள் குழைந்துவிடும். முள்ளிலிருந்து கழற்றியதும் ஐஸ் பெட்டிக்குள் போடுங்கள், உருகிய தண்ணீரை அவ்வப்போது வடியுங்கள். கிராப்பிச் சதை வஞ்சிரம் போலக் கெட்டி இல்லை, பூப்போல இருக்கும். எலுமிச்சை பிழிந்து மணிக்கணக்கில் ஊறவைக்க வேண்டாம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுதோடு கால் மணி நேரம், மேலே ஒரு பிடி அரிசி மாவு. கல்லில் போட்டதும் கரண்டியால் குடையாதீர்கள். ஓரம் பொன்னிறமாகித் தானே கல்லை விடும், அப்புறம் ஒரே ஒரு தடவை திருப்புங்கள்.